கேசிங் இறக்காத போர்

ஐந்து ரோட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.
ஆனாலும் ஆட்டோ பிடித்தோம்.
கால் அகட்டி நடப்பதை
ஜவுளிக்கடை வாசலில் நிற்பவர்கள்
ஏன் பார்க்கணும் என்றாள் மாராயி.

"அர்த்தநாரி... அர்த்தநாரி யாருங்க?"
நர்ஸ் இரண்டு தரம் கூப்பிட்டது.
திருச்செங்கோட்டு மலைக்கு நேர்ந்து வைத்த பெயர்.
எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டாக்டரம்மாவுக்கு என் பெரிய மகள் வயதிருக்கும்.
லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கம்
ஒட்டி ஒட்டி இரண்டு குழாய் வரைந்தார்.
"இதுக்குள்ளதான் இம்ப்ளான்ட் இருந்துச்சு."
தெரியும்.
நான் பம்பு மெக்கானிக்.
அடிவயிற்றில் உப்புநீர்த் தொட்டி,
விதைப்பைக்குள் ஒரு கைப்பம்பு,
இரண்டு சிலிண்டர்.
பொருத்திய டாக்டரிடம்
வாரன்டி எத்தனை வருஷம் என்று கேட்டவன்.
பத்து, பன்னிரண்டு வரும் என்றார்.
பதினோரு வாரம் வந்தது.

சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
முதலில் சிவப்பு. அப்புறம் சூடு.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி
வேட்டியில் பசை மாதிரி ஒரு கறை.
மாராயி விளக்குப் போடாமல்
வெந்நீரில் அலசினாள்.
தெருவெல்லாம் வெடிச்சத்தம்.
யாருக்குப் போன் பண்ணுவது என்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
எல்லாவற்றையும் உருவி எடுத்த பிறகு
பார்க்க வந்த மச்சானிடம்
ஹெர்னியா என்றோம்.
அவனுக்கும் ஹெர்னியாவாம்.
தன்னுடையதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான்.

"உருவின இடம் சும்மா இருக்காதுங்க,
தழும்பு கட்டி இறுகிடும், சுருங்கும்."
இதையும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
கேசிங் இறக்காத போரில் மோட்டாரை உருவினால்
ராத்திரியோடு மண் சரியும்.
மறுபடி அதே மோட்டார்
அதே ஆழத்துக்குப் போகாது.

பேனா நகர்ந்தது.
தழும்பைக் குடைந்து வழி பண்ணி
ஒல்லியான சிலிண்டர் வைக்கலாம்,
ஆறு மாசம் பொறுக்கணும், சர்க்கரை இறங்கணும்.
இறுகின பட்டையைக் கீறி விரித்து
விட்டுப்போன இடைவெளிக்கு
வேறு திசு ஒட்டுப் போடலாம்.
மேல்தோல் பத்தவில்லை என்றால்
தொடையிலிருந்து எடுக்கலாம்.
"முன்கையிலேருந்து சதையோட, ரத்தக்குழாயோட எடுத்துப்
புதுசாவே பண்றதும் இருக்கு.
உங்களுக்கு அவ்வளவு வேண்டியிருக்காது."

நான் முன்கையைப் பார்த்தேன்.
முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தது.
ஒயர் கிழித்த வடு.
அதற்குக் கீழே
ஏற்காடு கோடை விழாக் கூட்டத்தில்
குத்திக்கொண்ட பச்சை: மாராயி.
இதைக் கொண்டுபோய் அங்கே ஒட்டினால்...
சிரிப்பு வந்துவிட்டது.
டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார்.
பக்கத்து நாற்காலியில்
முந்தானை வாயை மூடியது.
தீபாவளிக்கு அப்புறம்
அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஒண்ணும் பண்ணாம விட்டாலும் தப்பில்லைங்க."
அதற்கு மட்டும் படம் போடவில்லை.

எவ்வளவு குறையும் என்று கேட்கத்தான் போனேன்.
கேட்கவில்லை.
மாராயி கேட்டாள்:
"ஒண்ணுக்குப் போறப்ப வலிக்குமாங்க இவருக்கு?"
"போகப்போக வலிக்காதும்மா."
"அப்பச் சரி."

அந்தச் சரி எதற்கு என்று
கன்னங்குறிச்சி பஸ்ஸில்
அஸ்தம்பட்டி தாண்டும் வரை யோசித்தேன்.
அவளுக்கு வேண்டாம் என்றா,
எனக்கு எது வேண்டுமோ என்றா.
ஜன்னலோரம் தூங்கிவிட்டாள்.
எழுப்பிக் கேட்கிற கேள்வி இல்லை.

அடுத்த வாரம் ஏற்காட்டில்
காபி எஸ்டேட் ஒன்றில் வேலை.
பதினேழாவது கொண்டை ஊசியில்
தையல் போட்ட இடம் சுருக்கென்றது.
பனி விலகுவதற்குள் போருக்குள் கேமரா இறக்கினேன்.
நூற்றுத் தொண்ணூறடியில் சரிவு.
"தூர்ந்து போச்சா?" என்றார் மேஸ்திரி.
சரிந்திருக்கிறது, தூரவில்லை என்றேன்.
"என்ன பண்ணலாம்?"
நாலு வழி இருக்கிறது என்று
சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து
பின்பக்கம் திருப்பினேன்.
அதில் ஏற்கெனவே இரண்டு குழாய் இருந்தது.
மடித்து உள்ளே வைத்துவிட்டு
ஈரமண்ணில்
குச்சியால் வரைந்து காட்டினேன்.